மறைந்த இருப்புப்பாதை வழியே

உலகில் மக்கள் வகுத்த வழிகள் எண்ணிறந்தன. அவற்றுட் சில, இன்றும் நாள்தோறும் வழக்கில் உள்ளன. சில, நடப்பார் இன்மையால் புல் மூடிக் கிடக்கின்றன. வழக்கில் உள்ள வழி நம்மை ஓர் ஊரிற் கொண்டு சேர்க்கும். வழக்கொழிந்த வழியோ, அறிந்து நடப்பாரை முன்னோர் வாழ்ந்த காலத்திற் கொண்டு சேர்க்கும். செல்லரித்த ஏட்டுச் சுவடியைப் படிப்பவர், எஞ்சிய எழுத்துகளைத் துணைக்கொண்டு சிதைந்த சொற்களை உய்த்துணர்வர். பழைய வழியில் நடப்பவரும் எஞ்சி நிற்கும் கல்லையும் கரையையும் கொண்டு, அழிந்து போனதை உணர்தல் வேண்டும். அத்தகைய வழி ஒன்றில் யானும் என் குடும்பத்தாரும் மார்கழித் திங்களில் ஒருநாள் நடந்தோம். அந்நடையைப் பற்றி இங்கே கூறுவேன்.

எங்கள் வீட்டில் ஓர் இரும்பாணி உண்டு. அது பெருவிரற் பருமனும் அரைச்சாண் நீளமும் உடையது. அதன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். என் பாட்டியார் அதனை வெற்றிலையும் பாக்கும் இடிப்பதற்குப் பயன்படுத்தினார். அவருக்குப் பின்னர் அது மாடக்குழியிற் கிடந்தது. ஒருநாள் ஆறாம் வகுப்பிற் பயிலும் என் பேரன் அதனை எடுத்து வந்து, “தாத்தா, இஃது என்ன ஆணி?” என்று கேட்டான்.

“தண்டவாளத்தைப் பிணைக்கும் ஆணி. என் பாட்டனார் மலைமேல் ஓடிய புகைவண்டிப் பாதையிலிருந்து கொண்டு வந்தது” என்றேன்.

அவன் நம்பவில்லை. “நம் போடிநாயக்கனூருக்கே 1928-ஆம் ஆண்டில்தான் புகைவண்டி வந்தது என்று எங்கள் ஆசிரியர் கூறினாரே! அதற்கு முன்னரே மலையின்மேல் எவ்வாறு வந்திருக்கும்?” என்றான்.

வினா நேரியதே. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைந்தது. ஆயின் அதற்கு முன்னரே, மேற்கே நெடிது நிற்கும் மலைத்தொடரின் உச்சியில் ஓர் இருப்புப்பாதை தோன்றி, வளர்ந்து, அழிந்தும் போய்விட்டது. அடிவாரம் புகைவண்டியைக் காணாத நாளில் மலைமுகடு கண்டிருந்தது. இவ்வியப்பை வாயாற் கூறுவதினும் கண்ணாற் காட்டுதலே நன்று என்று கருதினேன். அரையாண்டு விடுமுறையில் யான், என் மனைவியார், மகன், மருமகள், ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் பேத்தி, பேரன் ஆகிய அறுவரும் புறப்பட்டோம்.

முதலில் போடிமெட்டு வழியாக மூணாற்றை அடைந்தோம். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் ஆதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றது. இன்று அது கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. 1877-ஆம் ஆண்டில் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் அம்மலைப் பகுதியைக் குத்தகையாகப் பெற்றார். அதன்பின் காடு திருத்தித் தேயிலை பயிரிடும் தொழில் அங்கே படிப்படியாகப் பெருகிற்று. காடு வெட்டவும் செடி நடவும் கொழுந்து கிள்ளவும் தமிழ்நாட்டுச் சமவெளிகளிலிருந்து ஏழை எளியோர் கங்காணிகளின் பின்னே மலையேறிச் சென்றனர். இன்றும் அத்தோட்டங்களில் அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் வாழ்கின்றனர்.

விளைந்த தேயிலையைக் கப்பலேற்றுதற்குத் தூத்துக்குடித் துறைமுகத்திற்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. மலைமேல் நல்ல சாலை இல்லாத காலம் அது. ஆகவே 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக மலைவிளிம்பு வரையில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்தனர். அதற்கு இயூயிங் முறை என்று பெயர். வண்டியின் சிறிய சக்கரங்கள் நிலத்திற் பதித்த ஒரே தண்டவாளத்தின்மேல் உருளும். சுமையின் பெரும்பகுதியை அத்தண்டவாளமே தாங்கும். வண்டி சாய்ந்துவிடாதபடி, பக்கத்தே ஒரு பெரிய சக்கரம் வெறுநிலத்தில் உருண்டு வரும். அவ்வண்டிகளை இழுத்தவை எருதுகள். மேடுபள்ளமான மண்ணில் உருளும் சக்கரத்தினும் வழுவழுப்பான இரும்பின்மேல் உருளும் சக்கரத்திற்கு உராய்வு குறைவு. ஆதலின் எருதுகள் மண்சாலையில் இழுப்பதினும் மிகுந்த பாரத்தை அவ்வண்டியில் இழுக்க இயலும். இதே முறையில் அமைந்த பாதை ஒன்று பட்டியாலா நாட்டில் 1907-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. அங்கு ஓடிய நீராவி எஞ்சின் ஒன்று புதுதில்லியில் உள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. தில்லி செல்லும் மாணவர்கள் அதனைக் கண்டு இம்முறையை நன்கு விளங்கிக்கொள்ளலாம்.

தேயிலை மிகுந்தபோது எருதின் ஆற்றல் போதவில்லை. 1908-ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாளத்தை நீக்கி, 2 அடி அகலமுள்ள இரட்டைத் தண்டவாளப் பாதையை இட்டனர். நீராவி எஞ்சின்கள் வந்தன. மூணாற்றில் நிலையம் எழுந்தது. அந்நிலையக் கட்டடம் இன்றும் உண்டு. தேயிலைத் தோட்ட நிறுவனத்தின் அலுவலகமாக அது பயன்பட்டு வருகிறது. சாலையோரத்தில் நின்று அதனைக் கண்ணுற்றோம். “நிலையம் இருக்கிறது, பாதை எங்கே?” என்றாள் பேத்தி. “அதனைத் தேடித்தான் செல்கிறோம்” என்றேன்.

மூணாற்றிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ‘டாப் ஸ்டேஷன்’ என்னும் இடம். புகைவண்டி சென்ற அதே பள்ளத்தாக்கின் வழியாக மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளைக் கடந்து இன்றைய சாலை செல்கிறது. வாடகை வண்டியிற் சென்ற யாங்கள் ஓரிடத்தில் இறங்கிச் சிறிது தொலைவு நடந்தோம். மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து சாலை செல்வதைக் கண்ட பேரன், “நேரே சென்றால் விரைவில் அடையலாமே” என்றான். புகைவண்டியின் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் எளிதில் உருளும். ஆயின் சரிவு மிகுந்தால் வழுக்கிவிடும். ஆகவே மலைப்பாதை அமைப்போர் உயரத்தைச் சிறிது சிறிதாகப் பங்கிட்டு, மலையைச் சுற்றிச் சுற்றியே பாதையைக் கொண்டு செல்வர். சுற்று மிகுதி, சரிவு குறைவு. இதனை எடுத்துக் கூறியதும் அவன் வளைவுகளை எண்ணத் தொடங்கி, நாற்பதை எட்டிய அளவில் மறந்துபோனான்.

அன்று மாலை டாப் ஸ்டேஷனை அடைந்து இரவு தங்கினோம். அவ்விடம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம் உடையது. இரு மாநிலங்களின் எல்லை அங்கே உள்ளது. மேற்குப் புறத்திற் பெய்யும் மழை பெரியாற்றை அடைந்து அரபிக்கடலை நோக்கி ஓடும். கிழக்குப் புறத்திற் பெய்யும் மழை கொட்டகுடி ஆறாகி வையையிற் கலக்கும். புகைவண்டிப் பாதையின் கடைசி நிலையம், மலையுச்சியில் இருந்தமையால் மேல்நிலையம் எனப் பொருள்படும் அவ்வாங்கிலப் பெயரைப் பெற்றது. நிலையம் போயிற்று, பெயர் மட்டும் ஊர்ப்பெயராக நின்றுவிட்டது.

அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் சமவெளிக்குச் சென்ற முறை வியத்தற்குரியது. டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடி வரையில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்திற்குத் தூண்கள் நாட்டி எஃகுக் கம்பிவடம் கட்டியிருந்தனர். புகைவண்டியில் வந்த பெட்டிகளை இறக்கி, அவ்வடத்தில் தொங்கவிடுவர். அவை காடுகளுக்கும் பள்ளங்களுக்கும் மேலே, வானிற் செல்லும் பறவைபோற் சென்று இறங்கும். பின்னர் அங்கிருந்து மாட்டு வண்டிகளில் ஏறிப் போடிநாயக்கனூர் வழியாகத் துறைமுகம் சென்று, கப்பலில் இங்கிலாந்தை அடையும்.

புகைவண்டியிலிருந்து பெட்டியை இறக்கிக் கம்பிவடத்தில் ஏற்றும் கூலியாட்களுள் ஒருவர் என் பாட்டனார். அவர் படிப்பறியாதவர். பதினாறு வயதில் மலையேறியவர். யான் சிறுவனாக இருந்தபோது, இரவில் திண்ணையில் அமர்ந்து அந்நாளைய செய்திகளைக் கூறுவார். ஆயின் ஒரு செய்தியைக் கூறும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும். அஃது 1924-ஆம் ஆண்டு வெள்ளம்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் மலைநாடெங்கும் மழை விடாது பெய்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்தமையால் கேரள மக்கள் அதனைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே இன்றும் வழங்குவர். மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. ஆறுகள் கரை கடந்தன. மூணாறு வெள்ளத்தில் மூழ்கிற்று. பல ஆண்டுகள் பாடுபட்டு அமைத்த இருப்புப்பாதை சிதைந்து அழிந்தது. அதனை மீண்டும் அமைக்கவில்லை. 1908 முதல் 1924 வரையில், பதினாறே ஆண்டுகள் அம்மலையிற் புகைவண்டி ஓடிற்று.

புகைவண்டி இல்லையேல் அதனை நம்பி வாழ்ந்தவர்க்கு வேலை ஏது? மழை நின்றபின், பாட்டனார் தம் இளமனைவியோடு ஒரு மூட்டையும் ஒரு செம்பும் மட்டும் எடுத்துக்கொண்டு மலைவழியே நடந்து சமவெளிக்கு இறங்கினார். புரண்டு கிடந்த தண்டவாளத்தின் அருகே கண்டெடுத்த ஆணி ஒன்றும் அம்மூட்டையில் இருந்தது. அதன்பின் தம் வாழ்நாளில் அவர் அம்மலையை ஏறவே இல்லை. அவர் இறங்கிய அவ்வழியில்தான் மறுநாட் காலை யாங்கள் இறங்கத் தொடங்கினோம்.

இக்காலத்தில் அவ்வழியே செல்வதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும். வழிகாட்டி ஒருவரும் உடன் வருதல் வேண்டும். எமக்கு வழிகாட்டியாக வந்தவர் அடிவாரத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர், நாற்பது வயதினர், மிகக் குறைவாகப் பேசுபவர். புறப்படுமுன் ஒவ்வொருவருடைய காலணியையும் தண்ணீர்க் குடுவையையும் பார்வையிட்டார். எனக்கு ஒரு மூங்கிற்கோலை நீட்டினார். “வேண்டா, யான் நடப்பேன்” என்றேன். அவர் ஒன்றும் கூறாது அக்கோலைத் தாமே எடுத்துக்கொண்டார்.

தொடக்கத்திற் புல்வெளி, அதன்பின் சோலை. மலையிடுக்கில் நீரோட்டத்தை ஒட்டி அடர்ந்து நிற்கும் குறுங்காட்டை நம்மவர் சோலை என்பர். அச்சொல்லையே இன்று உலகத் தாவர நூலார் அவ்வகைக் காட்டுக்குப் பெயராக ஆள்கின்றனர். புல்வெளியில் நீலக்குறிஞ்சிச் செடிகள் பூவின்றி நின்றன. அவை 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒருங்கே பூப்பவை. 2006-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் பூத்தன. “இவை மீண்டும் 2030-இல் பூக்கும்; அப்போது நான் கல்லூரியில் இருப்பேன்” என்று பேரன் கணக்கிட்டான்.

ஒரு நாழிகை நடந்தபின், பாதைக்கு இடப்புறத்தே, புல் மூடிய சரிவின் நடுவில், சதுரமாகக் கட்டிய கற்றளம் ஒன்று மூடுபனியூடே தெரிந்தது. கம்பிவடத் தூணின் அடித்தளமாக அஃது இருக்கலாம் என்று தோன்றிற்று. என் உள்ளம் துள்ளிற்று. பாட்டனார் நாளும் கண்ட கல்லன்றோ அது! பாதையை விட்டு விலகி அதனை நோக்கி இரண்டடி வைத்தேன்.

வழிகாட்டி குறுக்கே வந்து நின்றார். “ஐயா, அது வழியன்று. புல்லுக்கு அடியிற் பள்ளம் இருக்கும். பனியும் இறங்குகிறது. வாருங்கள்” என்றார்.

எனக்குச் சினம் மூண்டது. “நூறு ஆண்டுக்குப் பின் வந்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவேன்” என்றேன்.

அவர் சினவாமல் மறுமொழி கூறினார்: “ஐயா, 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் இந்தக் குரங்கணி மலையிலே காட்டுத்தீ பரவியது. மலையேற வந்தவர்கள் அதிலே அகப்பட்டுக்கொண்டார்கள். இருபது பேருக்கு மேல் இறந்து போனார்கள். தீப்பட்டவர்களை இறக்கிக் கொண்டுவந்த ஊராருள் நானும் ஒருவன். அன்று முதல், என்னோடு வருபவர் எவரையும் பாதையை விட்டு நான் விடுவதில்லை.”

யான் தலைகுனிந்தேன். நாற்பது ஆண்டுகள் மாணவர்க்கு அடக்கம் உடைமையைப் பாடம் சொன்னவன், மலைமேல் அதனை மறந்து நின்றேன். பேத்தி என் கையைப் பற்றிக்கொண்டு, “தாத்தா, பெரிய தாத்தா நடந்த பாதையிலேதானே நாம் நிற்கிறோம்? அது போதுமே” என்றாள். கற்றளத்தைத் தொலைவிலிருந்தே நோக்கிவிட்டு நடையைத் தொடர்ந்தேன். சிறிது நேரத்தில் மூடுபனி இறங்கி, அத்தளத்தையும் அச்சரிவையும் ஒருங்கே மறைத்தது. வழிகாட்டி மொழியைக் கேளாது சென்றிருப்பேனாயின் யாது நேர்ந்திருக்குமோ!

மலை ஏறுவதினும் இறங்குவதே முழங்காலுக்கு வருத்தம் தருவது. உடலின் பாரம் முழுவதையும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழிந்ததும் என் கால்கள் நடுங்கின. வழிகாட்டி, ஒன்றும் பேசாமல் அம்மூங்கிற்கோலை மீண்டும் நீட்டினார். இம்முறை வாங்கிக்கொண்டேன். பேரன் எனக்கு முன்னே சென்று, “இந்தக் கல் ஆடுகிறது, தாத்தா, அந்தக் கல்லில் கால் வையுங்கள்” என்று ஒவ்வொரு படியாகக் காட்டி வந்தான். அவனுக்குப் பழைய பாதையைப் படிக்கக் கற்பிப்பேன் என்று வந்த யான், அவன் படித்துக் காட்டிய பாதையில் நடந்தேன்.

நண்பகலில் ‘சென்ட்ரல்’ என்னும் சிற்றூரை அடைந்தோம். மேல்நிலையத்திற்கும் அடிவாரத்திற்கும் இடையே உள்ள அவ்வூரின் பெயரும் அக்காலத்தின் எச்சமே. பொதி சுமந்த மட்டக்குதிரைகள் இரண்டு எங்களைக் கடந்து மேலேறிச் சென்றன. மரநிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்டோம். அப்போது என் மனைவியார் மலையுச்சியை நோக்கியபடி, “தேயிலைப் பெட்டி இறங்கக் கம்பிவடம் கட்டினார்கள். பெட்டியைச் சுமந்தவர் இறங்க இந்தக் கல்லும் முள்ளுந்தானே இருந்தன?” என்றார்.

ஒருவரும் மறுமொழி கூறவில்லை. யான் பலகாலம் இவ்விருப்புப்பாதையைப் பற்றிப் படித்தும் கேட்டும் இருக்கிறேன். ஆண்டும் அளவும் அறிவேன். ஆயினும் இவ்வுண்மை எனக்குத் தோன்றியதில்லை. பெட்டி 5 கிலோமீட்டரில் இறங்கிற்று. மனிதர் அதைப்போல் இருமடங்கு சுற்றி, வயிற்றுப் பசியோடு இறங்கினர். பாதை அமைந்த ஆண்டை நூல்கள் கூறுகின்றன. அது அழிந்த ஆண்டையும் கூறுகின்றன. மண் வெட்டியவர், தண்டவாளம் சுமந்தவர், வேலையிழந்து வீடு திரும்பியவர் ஆகியோரின் பெயர்களைக் கூறுவார் இல்லை. என் பாட்டனார் பெயர் எங்கள் குடும்பத்தார் வாயில் மட்டுமே நிலவுகிறது. யாங்களும் கூறாவிடின் அதுவும் மறையும். பேரன் தன் சட்டைப் பையிலிருந்து அவ்வாணியை எடுத்தான். எவருக்கும் தெரியாமல் வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறான்! “இதனை இங்கேயே வைத்துவிடலாமா, தாத்தா?” என்றான்.

சிறிது நேரம் எண்ணிப் பார்த்தேன். “வேண்டா. இங்கே வைத்தால் துருப்பிடித்து மண்ணாகிவிடும். வீட்டில் இருந்தால், உன்னைப்போல் ஒருவன் எடுத்து இஃது என்ன என்று கேட்பான்” என்றேன்.

பிற்பகலில் இலவமரங்களும் மாமரங்களும் தோன்றின, காற்று வெப்பமுற்றது, கொட்டகுடி ஆற்றின் ஒலி கேட்டது. மாலை நான்கு மணியளவில் குரங்கணியை அடைந்தோம். வழிகாட்டியிடம் மூங்கிற்கோலைத் திருப்பிக் கொடுத்து, “காலையில் யான் பேசிய சொல்லைப் பொறுத்துக்கொள்க” என்றேன். அவர் முறுவலித்து, “நீங்கள் நல்லபடியாக இறங்கியதே போதும், ஐயா” என்றார்.

ஆண்டுகள் பல கடந்தன. போடிநாயக்கனூர்ப் புகைவண்டிப் பாதையும் அகலப்பாதையாக மாற்றுதற்பொருட்டு 2010-ஆம் ஆண்டில் மூடப்பெற்று, 2023-ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பெற்றது. அன்றிரவு எங்கள் வீட்டை அடைந்தபோது தொலைவிலே அவ்வண்டியின் ஒலி கேட்டது. என் பேரன் அவ்வாணியைத் துடைத்து எண்ணெய் பூசி மாடக்குழியில் வைத்தான். ஒரு தாளில் ‘1924’ என்று எழுதி, அதன் கீழே தன் பாட்டனின் பாட்டனார் பெயரையும் எழுதி அருகே வைத்தான்.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் தூர்ந்த வாய்க்கால், கைவிட்ட சாவடி, வண்டிகள் செல்லாத பழஞ்சாலை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கும். அதனைப் பயனற்றது என்று கடந்து செல்லாதீர்கள். அஃது எப்போது தோன்றிற்று, எதனால் அழிந்தது என்று கேளுங்கள். அதனினும் சிறப்பாக, அதில் உழைத்தவர் யாவர் என்று உங்கள் வீட்டு முதியோரைக் கேளுங்கள். அவர்கள் கூறும் பெயர்களை எழுதி வையுங்கள். நூல்கள் எழுதாது விட்டவற்றை எழுதும் கடமை உங்களுக்கும் உண்டு.